சண்டையே போடாமல் விலகிப் போன தோழி: பத்து வயதுப் பெண்ணுக்கு எந்தக் கிராஃபிக் நாவல் கொடுக்கலாம்?

தேன்சிட்டு எழுதியது:

வணக்கம். வாசிப்புப் பகுதியில் இதுதான் என் முதல் இழை. கொஞ்சம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்குப் பத்து வயது. மூன்று வருடமாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி, இந்த வருடம் வேறு நான்கு பேரோடு சேர்ந்துகொண்டாள். "என்னடி சண்டை?" என்று கேட்டேன். "சண்டையே இல்லைம்மா. காய்கூட விடலை" என்றாள். அந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. காய் விட்டிருந்தால் பழம் விட ஒரு வழி இருக்கும். நாம் எல்லோரும் அப்படித்தானே வளர்ந்தோம்? காயே விடாமல் ஒருத்தி மெல்ல நகர்ந்து போய்விட்டால், பிள்ளை யாரிடம் போய்ப் பழம் கேட்கும்?

இப்போதெல்லாம் இடைவேளையில் பள்ளி நூலகத்துக்குப் போய்விடுகிறாளாம். அங்கிருந்து ஒரு கிராஃபிக் நாவல், அதாவது காமிக்ஸ்போலக் கட்டம் கட்டமாகப் படங்களால் கதை சொல்லும் புத்தகம், எடுத்து வந்தாள். ஒரே வாரத்தில் மூன்று முறை படித்தாள். அதுவரை நான் வாங்கிக் கொடுத்த கதைப் புத்தகங்களில் பத்துப் பக்கம் தாண்டியதில்லை. வீட்டுப் பெரியவர்கள் "படிக்கிறாளா, படம் பாக்கிறாளா?" என்கிறார்கள். எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் உண்டு.

இரண்டு கேள்விகள். பள்ளியில் நட்பு, தனியாகிப் போவது, பிறருக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளாமல் இருப்பது, இதையெல்லாம் பற்றிய நல்ல கிராஃபிக் நாவல்கள் எவை? அவள் படிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?


பழைய நூலகர் எழுதியது:

சகோதரி தேன்சிட்டுக்கு, பள்ளி நூலகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். காய் விடாத பிரிவு என்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஒரு புத்தகம்தான் நினைவுக்கு வந்தது. விக்டோரியா ஜேமிசன் எழுதி வரைந்த ‘ரோலர் கேர்ள்’, 2015இல் வந்தது.

ஆஸ்ட்ரிட்டும் நிக்கோலும் பன்னிரண்டு வயதுத் தோழிகள், எங்கே போனாலும் சேர்ந்தே போகிறவர்கள். ஆஸ்ட்ரிட்டுக்கு ரோலர் டெர்பி மேல் ஆசை வருகிறது. சக்கரக் காலணி போட்டுக்கொண்டு, வட்டப் பாதையில் ஒருவரை ஒருவர் இடித்து முந்தும் விளையாட்டு அது. நிக்கோல் பாலே நடன முகாமுக்குப் போகிறாள், அதுவும் ஆஸ்ட்ரிட்டுக்குப் பிடிக்காத ஒரு பெண்ணோடு. நடந்தது அவ்வளவுதான். யார்மேல் குற்றம் என்று தேடினால் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆஸ்ட்ரிட் கெட்டிக்காரி இல்லை என்பது. பக்கம் பக்கமாக விழுகிறாள். அம்மாவிடம் பொய் சொல்கிறாள். புதிதாகக் கிடைத்த தோழிக்கு ஆட்டத்தில் நல்ல இடம் கிடைத்ததும் பொறாமைப்படுகிறாள். எழுதியவரே ரோலர் டெர்பி ஆடியவர் என்பதால், விழுந்து எழும் வலி கோட்டிலேயே தெரியும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். சிறுவர் இலக்கியத்துக்கு அமெரிக்காவில் 1922 முதல் கொடுத்துவரும் நியூபெரி பதக்கம் 2020இல் ஜெர்ரி கிராஃப்டின் ‘நியூ கிட்’ புத்தகத்துக்குப் போனது. ஒரு கிராஃபிக் நாவல் அந்தப் பதக்கத்தை வாங்கியது அதுவே முதல் முறை. ‘ரோலர் கேர்ள்’ புத்தகத்துக்கும் 2016இல் அதே விருதுக்குழுவின் ஹானர், அதாவது பதக்கத்துக்கு அடுத்த நிலைச் சிறப்பு, கிடைத்தது. வெறும் படம் பார்க்கிற சமாசாரம் என்றால் இதெல்லாம் நடந்திருக்காது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் வேலை எனக்குக் கற்றுக்கொடுத்த பதில் இது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்த பிள்ளைகளிடம் ஆரம்பத்தில் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்பேன். அந்தப் பிள்ளை அடுத்த தடவை நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்துவிட்டுப் போகும். பிறகு கேள்வியை மாற்றினேன். "எந்தப் பக்கத்தை மறுபடி பார்த்தே?" என்று மட்டும் கேட்பேன். உடனே புத்தகத்தைத் திறந்து காட்டுவார்கள். காட்டிய பக்கத்தைப் பார்த்தாலே பல நேரம் விஷயம் புரிந்துவிடும். நான் மேற்கொண்டு ஒன்றும் சொன்னதில்லை.


கோட்டுச்சித்திரம் எழுதியது:

நான் சிறுவர் புத்தகங்களுக்கு வரைகிறவள். ‘படிக்கிறாளா, படம் பாக்கிறாளா’ என்ற கேள்விக்கு என் பக்கத்திலிருந்து ஒரு பதில்.

இரண்டு கட்டங்களை மனதில் வரைந்து பாருங்கள். முதல் கட்டத்தில் ஒரு பெண் தூரத்தில் இருக்கும் யாருக்கோ கையசைக்கிறாள். அடுத்த கட்டத்தில் அதே கை அவள் தலைமுடியைக் கோதிக்கொண்டிருக்கிறது. எழுத்து ஒன்றுகூட இல்லை. நடுவில் என்ன நடந்தது? அந்தப் பக்கம் இருந்தவள் பதிலுக்குக் கையசைக்கவில்லை. தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல், முடியைச் சரிசெய்வதுபோல இவள் சமாளிக்கிறாள். இதை நான் வரையவில்லை. இரண்டு கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடைவெளியில் படிக்கிற குழந்தைதான் வரைந்துகொள்கிறது. ஸ்காட் மெக்ளவுட் 1993இல் காமிக்ஸைப் பற்றிக் காமிக்ஸாகவே எழுதிய புத்தகத்தில் இந்த இடைவெளியைத்தான் விலாவாரியாக விளக்குகிறார். முகத்தை எவ்வளவு எளிமையாக வரைகிறோமோ, அவ்வளவு பேர் அதில் தங்களைப் பார்ப்பார்கள் என்பதும் அவர் சொன்னதே.

பள்ளி நட்பைச் சொல்ல இந்த வடிவம் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்றால், பள்ளியில் பிள்ளைகள் வாயால் ஒன்று சொல்வார்கள், முகம் வேறொன்று சொல்லும். பேச்சுக் குமிழிக்குள் "பரவாயில்லை" என்று இருக்கும், கண் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். உரைநடையில் இதை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் சொல்ல முடியும். கட்டத்தில் இரண்டும் ஒரே நொடியில் தெரியும்.

ஷானன் ஹேல் தன் சிறுவயதைப் பற்றி எழுதி, லெயுவென் ஃபாம் வரைந்த ‘ரியல் ஃப்ரெண்ட்ஸ்’ (2017) புத்தகத்தையும் பாருங்கள். தங்கைக்குப் பயமாக இருக்கும் காட்சிகளில் அக்காவைக் கரடியாகவே வரைந்திருப்பார். ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. வீட்டில் கோபக்காரப் பெரியவர் இருக்கிற எந்தக் குழந்தைக்கும் விளக்கம் தேவைப்படாது.

உங்கள் மகள் மூன்று முறை படித்ததில் அதிசயமில்லை, தேன்சிட்டு. முதல் முறை கதைக்காகப் படித்திருப்பாள். அடுத்த முறைகள் முகங்களுக்காக.


வகுப்பறை ஜன்னல் எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால், ஓர் ஆசிரியையாக என் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் புத்தகங்கள் எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு உறுத்தல்கள் உண்டு.

முதலாவது, ‘நீ நீயாக இரு’ என்ற பேச்சு. பின்னட்டையில் இந்த வாசகம் இல்லாத புத்தகம் குறைவு. பத்து வயதுக் குழந்தைக்குத் தான் யார் என்று எப்படித் தெரியும்? திங்கட்கிழமை விஞ்ஞானி, வியாழக்கிழமை பாடகி. நான்கு பேரோடு சேர்ந்து சிரிக்க ஆசைப்படுவதும் அந்தக் குழந்தைதான், தனியாக உட்கார்ந்து வரைவதும் அதே குழந்தைதான். கூட்டத்தோடு சேர ஆசைப்படுவதையே ஏதோ குற்றம்போலக் காட்டும் புத்தகங்களை நான் வகுப்பில் வைப்பதில்லை.

இரண்டாவதுதான் பெரியது. நட்பு முறிந்த கதை ஒன்று என் வகுப்பில் சுற்றுக்குப் போனது. ஒதுக்கப்பட்ட பெண்ணும் அதைப் படித்தாள். அவளை ஒதுக்கிய பெண்ணும் படித்தாள். இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து சொன்ன வார்த்தை ஒன்றேதான்: "மிஸ், இது அப்படியே என் கதை." கதையைச் சொல்கிறவள் பக்கமே எல்லோரும் நிற்கிறார்கள். தான்தான் அந்த நான்கு பேரில் ஒருத்தி என்று எந்தக் குழந்தையும் நினைத்துப் படிப்பதில்லை. அப்படியிருக்க, இந்தப் புத்தகங்களால் வகுப்பில் என்ன மாறும்?


பழைய நூலகர் எழுதியது:

டீச்சர், நீங்கள் சொன்ன இரண்டாவது விஷயம் ரொம்ப நியாயமானது. அதற்குத்தான் ஸ்வெட்லானா ஷ்மகோவாவின் ‘ஆக்வர்ட்’ (2015) புத்தகத்தை நான் எல்லோருக்கும் கொடுப்பேன். பெப்பி என்ற பெண் புதுப் பள்ளியில் முதல் நாளே தடுக்கி விழுகிறாள், கையிலிருந்ததெல்லாம் சிதறுகிறது. ஜெய்மி என்ற அமைதியான பையன் எடுத்துக் கொடுக்க வருகிறான். சுற்றியிருந்த பிள்ளைகள் இரண்டு பேரையும் சேர்த்துக் கேலி செய்கிறார்கள். உதவ வந்தவனைப் பெப்பி பிடித்துத் தள்ளிவிட்டு ஓடிவிடுகிறாள். தப்பு செய்தவள் கதாநாயகி. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது, வாய் வரவில்லை, நாள் போய்க்கொண்டே இருக்கிறது. கதை நகர்வதே அந்தக் கேட்காத மன்னிப்பின் மேல்தான்.

அப்புறம் ரெய்னா டெல்கெமையரின் ‘ஸ்மைல்’ (2010). எல்லோரும் அதைப் பல் கதை என்பார்கள். ஆறாம் வகுப்பில் விழுந்து முன்பற்கள் இரண்டும் போய், வருடக்கணக்கில் கம்பியும் சிகிச்சையுமாக அலைந்த தன் அனுபவத்தை வரைந்திருக்கிறார். ஆனால் அதற்குள் ஒரு நட்புக் கதை இருக்கிறது. ஓயாமல் கேலி செய்யும் பழைய தோழிகளை விட்டு ஒரு நாள் அவளே விலகிவிடுகிறாள். அங்கே நகர்ந்து போகிறவள் கதாநாயகி. சகோதரி தேன்சிட்டு, உங்கள் மகளுக்கு இதைக் கொஞ்ச நாள் கழித்துக் கொடுங்கள். விலகுகிற பிள்ளைக்கும் ஒரு காரணம் இருக்கலாம் என்பதை இப்போதே சொன்னால் புண்ணில் குத்துவதுபோல ஆகிவிடும்.


காதோரம் எழுதியது:

பல மாதமாகப் படிக்க மட்டும் வருவேன், இந்த இழைக்காக எழுதுகிறேன். ஆறு வயதிலிருந்து காது மெஷின் போடுகிறவள் நான்.

சீசி பெல் எழுதி வரைந்த ‘எல் டெஃபோ’வை (2014) யாரும் இன்னும் சொல்லவில்லையே! நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் திறனை இழந்தவர் அவர். தன் பள்ளிப் பருவத்தைத்தான் வரைந்திருக்கிறார். கதையில் வருகிற எல்லோருமே முயல்கள். பெரிய காதும் கூர்மையான செவியும் உள்ள பிராணி முயல். அந்தக் கூட்டத்தில் சரியாகக் கேட்காத ஒரே முயலாக இருப்பது எப்படி என்று அதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்?

முதல் முறை படித்தபோது எனக்கு முப்பது வயதுக்கு மேல். ஒரு பக்கத்தில் நின்றுவிட்டேன். மெஷினில் பேட்டரி தீரத் தீரப் பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் எழுத்து மங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் குமிழி இருக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லை. எதிரே இருப்பவர் வாய் அசைகிறது. குமிழி காலி. பள்ளியில் நான் கழித்த மத்தியானங்கள் அத்தனையும் அந்த ஒரு வெள்ளை வட்டத்துக்குள் இருந்தன. என் அம்மாவுக்கு வருடக்கணக்கில் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தப் பக்கத்தைக் காட்டிப் புரியவைத்தேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

நட்பைப் பற்றி இதில் இருப்பதுபோல வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஒரு தோழி அதிகாரம் செய்கிறாள். இன்னொருத்தி நல்லவள்தான், ஆனால் சீசியிடம் மட்டும் சத்தமாகவும் மெதுவாகவும் வாயை இழுத்து இழுத்துப் பேசுகிறாள். எனக்கும் அப்படி ஒரு தோழி இருந்தாள். அன்பினால்தான் செய்தாள். ஆனால் வாயை அப்படிக் கோணினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வது இன்னும் கஷ்டம் என்று அவளிடம் சொல்ல எனக்குக் கடைசிவரை தைரியம் வரவில்லை. மூன்றாவது தோழி மார்த்தா. விளையாடும்போது சீசிக்குக் கண்ணில் அடிபட்டுவிட, தன்னால்தான் ஆயிற்று என்ற பயத்தில் மார்த்தா பக்கத்திலேயே வர மாட்டேன் என்கிறாள். தேன்சிட்டு அக்கா, காய் விடாமல் விலகுவதில் இதுவும் ஒரு வகை. பாசம் இருப்பதாலேயே விலகுவது.

வகுப்பறை ஜன்னல் கேட்ட ‘நீயாக இரு’ விஷயத்துக்கும் இதில் ஓர் இடம் இருக்கிறது. சீசி மார்பில் கட்டிக்கொள்ளும் பெரிய மெஷினுக்கு ஆசிரியை ஒரு மைக் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் அதைக் கழற்ற மறந்தால், பள்ளியில் எந்த மூலையில் இருந்தாலும், கழிவறை உட்பட, எல்லாம் இவளுக்குக் கேட்கும். மறைத்து வைக்க நினைத்த அதையே ஒரு கட்டத்தில் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுகிறாள். ஆசிரியை திரும்பி வருவதை முன்கூட்டியே அறிவிக்கும் வேலை அவளுடையதாகிறது. யாரும் அவளிடம் ‘நீ நீயாக இரு’ என்று சொல்லவில்லை. ஒளிக்கிற வேலை அலுத்துப் போய், அவளே வெளியே எடுக்கிறாள்.

2022இல் இது மூன்று பகுதிக் கார்ட்டூன் தொடராகவும் வந்தது. சீசிக்குக் கேட்பதுபோலவே பார்க்கிறவர்களுக்கும் ஒலி மங்கிக் கேட்கும். காது கேளாத எல்லோருடைய அனுபவமும் இது இல்லை என்று புத்தகத்தின் கடைசியில் அவரே எழுதியிருக்கிறார். சைகை மொழியைத் தன் வீடாக நினைக்கும் பலருக்கு வேறு கதை இருக்கும். அந்தப் பின்குறிப்பையும் பிள்ளைகளோடு படியுங்கள்.


இரட்டைச்சுழி எழுதியது:

பையன்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் மகன் ஏழாம் வகுப்பு. அவனுக்குப் பிடித்தது மேலே சொன்ன ‘நியூ கிட்’ (2019). ஓவியப் பள்ளிக்குப் போக ஆசைப்படும் ஜோர்டன் என்ற கறுப்பினப் பையனை வீட்டில் ஒரு பெரிய தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள். அங்கே ஓர் ஆசிரியை, அவனுடைய நண்பன் ட்ரூவை வேறு ஒரு கறுப்பின மாணவனின் பெயரைச் சொல்லியே கூப்பிடுவார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, தொடர்ந்து. பெரிய கொடுமை எதுவும் நடக்காது, இப்படிச் சின்னச் சின்னதாகத்தான் நடக்கும். ஜோர்டன் வெளியே சிரித்துக்கொண்டிருப்பான். வண்ணப் பக்கங்களுக்கு நடுவில் அவனுடைய வரைபட நோட்டு மட்டும் கறுப்பு வெள்ளையில் வரும், அங்கேதான் உள்ளே நினைத்தது இருக்கும்.

அதில் அலெக்ஸாண்ட்ரா என்று ஒரு பெண் எப்போதும் கையில் பொம்மை மாட்டிக்கொண்டே திரிவாள். எல்லோரும் அவளை விசித்திரமானவள் என்று ஒதுங்குவார்கள், ஜோர்டனும்தான். கையில் இருக்கும் தழும்பை மறைக்கத்தான் அந்தப் பொம்மை என்று பிறகு தெரியும். என் மகன் அந்த இடத்தைப் படித்துவிட்டு, தன் வகுப்பில் வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றாத ஒரு பையனைப் பற்றிச் சொன்னான். "இதுவரை அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்ததே இல்லைப்பா" என்றான். டீச்சர், என்ன மாறும் என்று கேட்டீர்களே. என் வீட்டில் மாறியது இவ்வளவுதான், ஆனால் எனக்கு இது பெரிது.


தேன்சிட்டு எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொரு பதிலையும் இரண்டு முறை படித்தேன்.

‘ரோலர் கேர்ள்’ கிடைத்தது. ஒன்றும் சொல்லாமல் அவள் மேசையில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் ராத்திரி, புத்தகத்தை மார்பில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, "அம்மா, நிக்கோல் கெட்டவளா?" என்றாள். என்னென்னவோ சொல்ல வந்தது. நூலகர் ஐயாவை நினைத்து அடக்கிக்கொண்டு, "உனக்கு எப்படித் தோணுது?" என்றேன். "கெட்டவ இல்லை. அவளுக்கு பாலே பிடிச்சிருக்கு, அவ்ளோதான்." அப்புறம் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆனா ஆஸ்ட்ரிட்கிட்ட ஒரு தடவை சொல்லிட்டுப் போயிருக்கலாம்" என்றாள். விளக்கை அணைத்த பிறகு நான் அழுதுவிட்டேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். பள்ளி நாட்களில் காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். விடுமுறையில் வலி இல்லை. இதற்கும் ஏதாவது புத்தகம் உண்டா?


பழைய நூலகர் எழுதியது:

சகோதரி, முதலில் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலி பொய்யில்லை என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். புத்தகம் அதற்கு அப்புறம்தான்.

டெல்கெமையரின் ‘கட்ஸ்’ (2019) இதைப் பற்றியேதான். பள்ளி, வகுப்புத் தோழிகள், வாந்தி வந்துவிடுமோ என்ற பயம் எல்லாம் சேர்ந்து வயிற்றில் இறங்கிய தன் பத்து வயதுக் காலத்தை வரைந்திருக்கிறார். மனநல ஆலோசகரிடம் போவது அதில் பயமுறுத்தும் காட்சியாக வராது. ஓர் அறை, ஒரு நாற்காலி, கேட்கிற ஒருவர். ஆலோசகரிடம் அழைத்துப் போக வேண்டி வந்தால், அந்தப் பக்கங்களை முன்பே பார்த்த பிள்ளைக்கு அந்த அறை புதிதாக இருக்காது.


வகுப்பறை ஜன்னல் எழுதியது:

இரட்டைச்சுழி சார் எழுதியதை மனதில் வைத்துக்கொண்டு ஒன்று செய்து பார்த்தேன். பிள்ளைகளுக்கு மூன்று கட்டம் போட்ட தாள் கொடுத்தேன். முதல் கட்டத்தில் இரண்டு பேர் சேர்ந்து இருக்கிறார்கள், மூன்றாவதில் தனித்தனியாக இருக்கிறார்கள், நடுக்கட்டம் காலி. ஒவ்வொருவரும் நடுக்கட்டத்தை இரண்டு தாளில் வரைய வேண்டும், ஒரு தடவை இடது பக்கத்துப் பிள்ளையின் கண்ணால், இன்னொரு தடவை வலது பக்கத்துப் பிள்ளையின் கண்ணால்.

நான் முன்பு சொன்ன, தோழியை ஒதுக்கிய அந்தப் பெண் முதல் தாளை ஐந்து நிமிடத்தில் முடித்தாள். இரண்டாவது தாளோடு மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண்ணின் முதுகை மட்டும் வரைந்திருந்தாள், பக்கத்தில் காலி நாற்காலி. தாளை என்னிடம் கொடுக்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நானும் கேட்கவில்லை.


தேன்சிட்டு எழுதியது:

வயிற்று வலிக்கு மருத்துவரைப் பார்த்தோம். உடம்பில் கோளாறு இல்லை என்றார், ஆலோசகர் ஒருவரைச் சொல்லியிருக்கிறார், அடுத்த வாரம் போகிறோம். ‘கட்ஸ்’ படித்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்பே ‘எல் டெஃபோ’ முடித்துவிட்டாள்.

டீச்சரின் மூன்று கட்டத்தை அவளிடம் சொன்னேன். ஒரு நோட்டு எடுத்து, இப்போது ஆறு பக்கம் தாண்டிவிட்டாள். எல்லோரும் ஆமைகள். ஏன் ஆமை என்று கேட்டதற்கு, "கூப்பிட்டா திரும்பிப் பாக்க ரொம்ப நேரம் ஆகும், அதான்" என்றாள். பழைய தோழியும் ஒரு ஆமைதான், கொஞ்சம் அழகான ஓடு.

காதோரம் அவர்களிடம் கேட்கச் சொன்னாள்: "காலிக் குமிழி அந்தப் புத்தகத்துல வருதே, அதை என் கதையில நானும் போட்டுக்கலாமா? எனக்குக் காது கேக்கும், ஆனா அவ என்ன சொல்றான்னு தெரியலை."


காதோரம் எழுதியது:

தாராளமாகப் போடச் சொல்லுங்கள் அக்கா. குமிழியின் வால் எந்த ஆமையின் வாய்ப்பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளட்டும். உள்ளே எழுத்து இல்லாதபோது, யார் பேசுகிறார் என்பதை அந்த வால்தான் காட்டும். முடித்ததும் அவளுக்குச் சம்மதம் என்றால் ஒரு பக்கம் இங்கே போடுங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.